பள்ளிக்கூடத்தையே பூட்டிய கவுன்டி: பிரின்ஸ் எட்வர்டு வழக்கின் பதின்மூன்று ஆண்டுகள்

அமெரிக்கப் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று சொன்ன 'பிரவுன்' தீர்ப்பு எல்லோருக்கும் தெரியும். 1954 மே 17, ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு. அது ஒரே வழக்கு அல்ல, ஐந்து வழக்குகளின் தொகுப்பு என்பது அவ்வளவாகத் தெரியாது. அந்த ஐந்தில் ஒன்று வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்டு கவுன்டியிலிருந்து போனது (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு). வழக்கில் தோற்ற அந்தக் கவுன்டி, தீர்ப்புக்கு ஐந்து ஆண்டுகள் கழித்துத் தன் பொதுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்துப் பூட்டியது. பூட்டு ஐந்து கல்வியாண்டுகள் தொங்கியது.

இதை வெறும் வெறுப்பின் கதையாக எழுதிவிடலாம். அப்படி எழுதினால் சட்டத்தின் பங்கு மறைந்துபோகும். பூட்டுப் போட்டவர்கள் கொள்ளிக்கட்டையோடு வந்த கும்பல் அல்ல. வக்கீல் வைத்து, தீர்மானம் போட்டு, வரி விதிப்பை நிறுத்தி, தீர்ப்பின் வாசகத்துக்குள்ளேயே சந்து தேடியவர்கள். அந்தச் சந்து எங்கே இருந்தது, அதை அடைக்க நீதிமன்றத்துக்கு ஏன் இத்தனை ஆண்டுகள் பிடித்தன என்பதுதான் இந்த வழக்கில் படிக்க வேண்டியது.

தார் காகிதக் கொட்டகை

கவுன்டியின் தலைநகர் ஃபார்ம்வில் ஒரு சிறு நகரம். சுற்றிலும் புகையிலை விளையும் பூமி. கறுப்பினப் பிள்ளைகளுக்கு அங்கிருந்த ஒரே உயர்நிலைப் பள்ளி, ராபர்ட் ருசா மோட்டன் பள்ளி. 1939இல் 180 பேருக்கெனக் கட்டியது. 1951இல் அதில் படித்தவர்கள் 450க்கும் மேல். கவுன்டி புதுக் கட்டடம் கட்டவில்லை. மரச்சட்டம் அடித்து, மேலே தார் காகிதம் போர்த்திய கொட்டகைகளை மைதானத்தில் எழுப்பிக் கொடுத்தது. உள்ளே ஒரு கணப்பு அடுப்பு. அதன் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு வேர்த்துக் கொட்டும், கடைசி வரிசையில் இருப்பவர்கள் கோட்டைக் கழற்ற முடியாமல் நடுங்குவார்கள். மழை பெய்தால் ஒழுகும். இடம் போதாமல் அரங்கத்தில் ஒரே நேரத்தில் சில வகுப்புகள் நடந்தன, நின்றிருந்த பள்ளிப் பேருந்திலும் பாடம் நடந்தது. உடற்பயிற்சிக் கூடமோ உணவுக்கூடமோ கிடையாது. அதே ஊரில் வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளியில் எல்லாமே இருந்தன.

பெற்றோரும் முதல்வரும் பள்ளி வாரியத்திடம் மனு மேல் மனுவாகக் கொடுத்தார்கள். 'பார்க்கிறோம்' என்ற பதில்தான் வந்துகொண்டிருந்தது.

1951 ஏப்ரல் 23 காலை, முதல்வர் பாய்ட் ஜோன்ஸுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. உங்கள் மாணவர்கள் பேருந்து நிலையத்தில் ஏதோ வம்பில் மாட்டியிருக்கிறார்கள், உடனே வாருங்கள் என்றது. அவர் கிளம்பிப் போனதும், எல்லாரும் அரங்கத்துக்கு வரவேண்டும் என்று முதல்வர் எழுதியதுபோல ஒரு சீட்டு வகுப்பு வகுப்பாகப் போனது. திரை விலகியபோது மேடையில் முதல்வர் இல்லை, 16 வயது பார்பரா ரோஸ் ஜான்ஸும் சில மாணவர்களும் இருந்தார்கள். ஆசிரியர்களை வெளியே போகச் சொன்னாள். தயங்கி நின்றவர்களைப் பார்த்து, காலணியைக் கழற்றி பெஞ்சில் தட்டினாள். பிறகு மாணவர்களிடம் கொட்டகைகளைப் பற்றிப் பேசினாள், வேலைநிறுத்தம் என்றாள். மொத்தப் பள்ளியும் எழுந்து வெளியே நடந்தது.

பார்பராவின் அப்பாவுக்குச் சகோதரரான வெர்னான் ஜான்ஸ், அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயத்தில் போதகர். அவருக்குப் பிறகு அதே பொறுப்புக்கு வந்தவர்தான் மார்ட்டின் லூதர் கிங். வாய்க்கு அஞ்சாத பேச்சு அந்த வீட்டில் புதிதல்ல.

வக்கீல்கள் வைத்த நிபந்தனை

மாணவர்கள் ரிச்மண்டில் இருந்த ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்ற இரு வழக்கறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். இருவரும் என்.ஏ.ஏ.சி.பி. எனும் கறுப்பின உரிமைச் சங்கத்துக்காக வாதாடியவர்கள், வாஷிங்டனின் ஹோவர்ட் சட்டப் பள்ளியில் படித்தவர்கள். இரண்டு நாள் கழித்து வேறொரு வழக்கு வேலையாகப் போகிற வழியில் ஃபார்ம்வில்லில் இறங்கினார்கள். பிள்ளைகளிடம் பக்குவமாகப் பேசி வகுப்புக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்ற நினைப்போடுதான் வந்தார்கள். கிராமப்புற வர்ஜீனியாவில், அதிலும் இந்த வட்டாரத்தில், பிரிவினையை எதிர்த்து வழக்குப் போடுவது விவேகம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் ரெவரெண்ட் பிரான்சிஸ் கிரிஃபினின் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் அந்த மாணவர்களைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்கள். மாணவர்கள் கேட்டது நல்ல கட்டடம். 'கட்டடத்துக்காக வழக்குப் போட மாட்டோம், பிரிவினையே கூடாது என்று போடுவதானால் வருகிறோம்' என்றார்கள் வக்கீல்கள். 'தனித்தனியாக இருக்கலாம், சமமாக இருந்தால் போதும்' என்ற 1896ஆம் ஆண்டு 'பிளெஸ்ஸி' கோட்பாட்டை ஏற்றுக்கொண்டு, 'சமமாக இல்லையே' என்று வாதாடிய காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. இனி அந்தக் கோட்பாட்டின் வேரிலேயே கை வைப்பது என்று சங்கம் 1950இல் முடிவெடுத்திருந்தது. மாணவர்களும் பெற்றோரும் சம்மதித்தார்கள். இரண்டு வார வேலைநிறுத்தம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள். 1951 மே 23 அன்று 117 மாணவர்களின் பெயரில் வழக்கு தாக்கலானது. பட்டியலில் முதல் பெயர் 14 வயது டோரதி டேவிஸ். அதனால் வழக்கின் பெயர் 'டேவிஸ் எதிர் பிரின்ஸ் எட்வர்டு கவுன்டி பள்ளி வாரியம்'. பிரவுன் தொகுப்பின் ஐந்து வழக்குகளில் மாணவர்களே கிளப்பியது இது ஒன்றுதான். மனுதாரர் எண்ணிக்கையில் பெரியதும் இதுதான்.

பார்பராவின் பாதுகாப்புக்கு அஞ்சிய பெற்றோர் அவளை மாண்ட்கோமரியில் வெர்னான் ஜான்ஸ் வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல்வர் ஜோன்ஸின் பணி ஒப்பந்தத்தை வாரியம் புதுப்பிக்கவில்லை.

விசாரணை 1952 பிப்ரவரியில் ரிச்மண்டில், மூன்று கூட்டாட்சி நீதிபதிகள் முன்பு ஐந்து நாள் நடந்தது. பிரிவினை கறுப்பினக் குழந்தைகளின் மனத்தில் தாழ்வை விதைக்கிறது என்று உளவியலாளர் கென்னத் கிளார்க் சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பு கூட்டிவந்த சாட்சி ஹென்றி காரெட், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிளார்க் படித்தபோது பாடம் எடுத்த பேராசிரியர். கட்டட வசதி சமமாக இல்லை என்பதைக் கவுன்டி மறுக்கக்கூட முடியவில்லை. மார்ச் 7 அன்று வந்த தீர்ப்பு, 'எந்த இனத்துக்கும் ஊறோ தீங்கோ இருப்பதாக நாங்கள் காணவில்லை' என்றது. பிரிவினை வர்ஜீனியாவின் வழக்காறு, அதில் கைவைக்க மாட்டோம், கட்டடத்தை மட்டும் சமமாக்குங்கள் என்று உத்தரவு. 1953இல் புது மோட்டன் பள்ளி எழுந்தது. பிள்ளைகள் முதலில் கேட்டது இப்படிக் கிடைத்துவிட்டது. வழக்கு மேல்முறையீட்டில் நின்றது.

தீர்ப்பில் இருந்த இரண்டு சந்துகள்

உச்ச நீதிமன்றத்தில் நடந்ததைச் சுருக்கியே சொல்லலாம். 'பொதுக்கல்வியில் தனித்தனி ஆனாலும் சமம் என்ற கோட்பாட்டுக்கு இடமில்லை' என்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதினார். அந்தத் தீர்ப்பைப் பொறுமையாகப் படித்த எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பயன்படக்கூடிய ஒரு துணை வாசகம் அதில் இருந்தது. கல்வி வாய்ப்பு என்பது, 'அரசு அதை வழங்க முன்வந்த இடத்தில்', எல்லோருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டிய உரிமை. முன்வராவிட்டால்?

இரண்டாவது சந்து, கெடு இல்லாதது. எப்படி, எப்போது நடைமுறைப்படுத்துவது என்று சொல்ல நீதிமன்றம் ஓராண்டு எடுத்துக்கொண்டது. 1955 மே 31 அன்று வந்த இரண்டாம் பிரவுன் தீர்ப்பு, 'தக்க ஆலோசனையோடு கூடிய வேகத்தில்' செய்யுங்கள் என்று சொல்லி, மேற்பார்வையைக் கீழமை நீதிமன்றங்களிடம் விட்டது. இந்தத் தொடரை மனிதாபிமானச் சமரசம் என்று இன்றும் சிலர் பாராட்டுகிறார்கள். தேதி குறிக்காத உத்தரவு தோற்றவனுக்குக் கொடுத்த வாய்தா என்பது என் கருத்து. பிரின்ஸ் எட்வர்டில் அது அப்படித்தான் ஆனது.

வர்ஜீனியாவின் செனட்டர் ஹாரி பேர்டு 1956இல் 'பெரும் எதிர்ப்பு' என்ற கொள்கையை அறிவித்தார். கறுப்பினப் பிள்ளை சேரும் எந்த வெள்ளையர் பள்ளியையும் மூடவேண்டும், நிதியை நிறுத்தவேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டது. 1958 செப்டம்பரில் நார்ஃபோக், சார்லட்ஸ்வில், ஃப்ரண்ட் ராயல் ஊர்களில் பள்ளிகள் மூடின. 1959 ஜனவரி 19, ஒரே நாளில் மாநில உச்ச நீதிமன்றமும் கூட்டாட்சி நீதிமன்றமும் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கின. மாநிலம் பின்வாங்கியது. கட்டாயக் கல்விச் சட்டத்தை நீக்கிவிட்டு, பள்ளி நடத்துவதை உள்ளூரின் விருப்பத்துக்கு விட்டது.

பிரின்ஸ் எட்வர்டு இதற்குள் கூடுதலாகக் கற்றுக்கொண்டிருந்தது. கூட்டாட்சி மாவட்ட நீதிபதி ஸ்டெர்லிங் ஹட்சிசன் 1958இல், பிரிவினையை நீக்க அந்தக் கவுன்டிக்கு 1965 வரை கெடு கொடுத்திருந்தார். வழக்குப் போட்டபோது ஒன்பதாம் வகுப்பில் இருந்தவருக்கு அப்போது 28 வயது ஆகியிருக்கும். 1959 மே மாதம் நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளி, கறுப்பினப் பிள்ளைகளை அந்தச் செப்டம்பரிலேயே வெள்ளையர் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றது. அடுத்த மாதம், கவுன்டியை நிர்வகிக்க மக்கள் தேர்ந்தெடுத்த மேற்பார்வையாளர் குழு கூடியது. 'பள்ளிகளை மூடுகிறோம்' என்று தீர்மானம் போடவில்லை. பள்ளிக்கான வரியை அந்த ஆண்டு விதிக்காமல் விட்டுவிட்டது, அவ்வளவுதான். பணமில்லாமல் வாரியத்தால் பள்ளியைத் திறக்க முடியவில்லை. நீதிமன்றத்தில் கேட்டால், எந்தக் குழந்தையையும் இனம் பார்த்துத் தடுக்கவில்லை, எல்லோருக்கும் சமமாக ஒன்றுமில்லை என்று சொல்லலாம்.

பூட்டுக்கு உள்ளும் வெளியும்

ஆனால் ஒன்றுமில்லாமல் போனது ஒரு தரப்புக்கு மட்டும். வெள்ளைப் பிள்ளைகளுக்காகப் 'பிரின்ஸ் எட்வர்டு பள்ளி அறக்கட்டளை' தயாராக இருந்தது. ஏறத்தாழ 1,500 பிள்ளைகளுக்கு தேவாலயக் கூடங்களிலும் பிற கட்டடங்களிலும் வகுப்புகள் தொடங்கின. முதலாண்டு நன்கொடையில் ஓடியது. 1960இல் மாநிலம் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 125 அல்லது 150 டாலர் மானியம் அறிவித்தது, கவுன்டி அதற்கு மேல் 100 டாலர் சேர்த்தது. ஆக, அறக்கட்டளையின் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 225, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு 250 டாலர். அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுப்பவருக்குச் சொத்து வரியில் 25 சதவீதம் வரை கழிவு. பொதுப் பள்ளிக்கு வரி போட மனம் வராத அதே குழு செய்த ஏற்பாடு இது. பின்னாளில் கவுன்டியைக் கவிழ்த்ததும் இந்தக் கணக்குதான்.

கறுப்பினப் பிள்ளைகள் சுமார் 1,700 பேர். அவர்களுக்கும் தனியார் பள்ளி நடத்தித் தருகிறோம் என்று வெள்ளையர் தரப்பிலிருந்து ஒரு யோசனை வந்தது. கறுப்பினச் சமூகம் மறுத்துவிட்டது. இதைப் பிடிவாதம் என்று அப்போதும் சிலர் சொன்னார்கள், இன்றும் சொல்பவர்கள் உண்டு. சட்டப்படி பார்த்தால் வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஏற்றிருந்தால் இரு இனத்துக்கும் தனித்தனி தனியார் பள்ளி, இரண்டுக்கும் மானியம் என்று ஆகியிருக்கும். வழக்கின் உயிர்நாடியான பாரபட்சம் அன்றே போயிருக்கும், கவுன்டி கேட்டதும் அதுதான். ஆனால் அந்த மறுப்பின் விலையைக் கொடுத்தது வக்கீல்களோ போதகர்களோ மட்டுமல்ல, ஆறு வயதுப் பிள்ளைகள்.

ரெவரெண்ட் கிரிஃபினும் நண்பர்களும் தேவாலயங்களில் 'பயிற்சி மையங்கள்' நடத்தினார்கள். எழுத்துப் பழக்கமும் விளையாட்டும் மறந்துவிடாமல் இருக்க மட்டும். அவற்றைப் பள்ளி என்று சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால், 'பள்ளிதான் இருக்கிறதே' என்று எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் காட்டும். மூத்த மாணவர்கள் சிலர் வட கரோலினாவின் கிட்ரெல் கல்லூரிக்குப் போய்ப் படிப்பை முடித்தார்கள். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரின் அமைப்பு ஒன்று சில பிள்ளைகளை வெளி மாநிலங்களில் முன்பின் தெரியாத குடும்பங்களில் தங்கவைத்துப் படிக்கவைத்தது. பக்கத்துக் கவுன்டியில் உறவினர் முகவரி இருந்தவர்கள் அங்கே போனார்கள். மற்றவர்கள் புகையிலைத் தோட்ட வேலைக்குப் போனார்கள், அல்லது வீட்டில் இருந்தார்கள்.

1963 மார்ச்சில் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி ஒரு கூட்டத்தில் சொன்னார்: சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவை விட்டால், இலவசப் பொதுக்கல்வி இல்லாத இடங்கள் கம்யூனிஸ்ட் சீனா, வட வியட்நாம், சரவாக், சிங்கப்பூர், பிரிட்டிஷ் ஹோண்டுராஸ், பிறகு வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு கவுன்டி. சிங்கப்பூரை அந்தப் பட்டியலில் பார்க்க இன்று விநோதமாக இருக்கிறது. அந்தச் செப்டம்பரில் தனியார் நிதியில் 'இலவசப் பள்ளிச் சங்கம்' நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வகுப்புகளைத் தொடங்கியது. கண்காணிப்பாளராக லாங் ஐலண்டிலிருந்து நீல் சல்லிவன் வந்தார். வயதை வைத்து வகுப்புப் பிரிக்க முடியாது என்பது உடனே தெரிந்துவிட்டது. 1959இல் முதல் வகுப்புக்குப் போகவேண்டியிருந்த பிள்ளை பத்து வயதில் முதல் முறையாக எழுத்துக் கூட்டத் தொடங்கியது. யாருக்கு எவ்வளவு தெரியுமோ அதை வைத்துக் குழு பிரித்தார்கள்.

'கிரிஃபின்' தீர்ப்பு

பூட்டுப் போட்டபின் வழக்கின் புதிய கட்டம் ரெவரெண்டின் பிள்ளையின் பெயரால் 'கிரிஃபின்' வழக்கு ஆனது. அதன் பயணம் அலுப்பூட்டும் அளவுக்கு நீளமானது. 1961இல் மாவட்ட நீதிபதி ஓரன் லூயிஸ், பொதுப் பள்ளி மூடியிருக்கும்வரை மானியம் தரக்கூடாது என்று தடையாணை போட்டார். மத்திய அரசு தானும் ஒரு தரப்பாகச் சேரக் கேட்டதை அவரே மறுத்தார். 1962இல் பள்ளியை மூடியதே செல்லாது என்றார். 1963இல் நான்காம் வட்டார நீதிமன்றம், மாநில நீதிமன்றம் மாநிலச் சட்டத்தைப் பற்றிச் சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று அதை ரத்து செய்தது. டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம், கவுன்டி விரும்பாவிட்டால் பள்ளி நடத்தும்படி மாநில அரசமைப்பு கட்டாயப்படுத்தவில்லை என்றது. பொதுப் பள்ளிகள் மூடியபடியே கிடந்தன.

1964 மே 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் சார்பில் எழுதியவர் ஹ்யூகோ பிளாக். அலபாமாக்காரர், இளமையில் கூ குளுக்ஸ் கிளான் என்ற வெள்ளையர் இனவெறி அமைப்பில் உறுப்பினராக இருந்தவர். 1951இலிருந்து மாநில, கவுன்டி எதிர்ப்பாலும் சட்டங்களாலும் வழக்குகளாலும் இது தாமதமாகியிருக்கிறது, முதல் மனுதாரர்கள் எல்லோரும் உயர்நிலைப் பள்ளி வயதைத் தாண்டியிருப்பார்கள் என்று எழுதினார். 'ஆலோசனை அளவுக்கு மீறிவிட்டது, வேகம்தான் போதவில்லை.' வெறும் ஆலோசனை வேகத்துக்கான காலம் முடிந்துவிட்டது என்றும் சேர்த்தார். 1955இல் அந்தத் தொடரைக் கொடுத்ததும் இதே நீதிமன்றம் என்பதை அவர் அழுத்திச் சொல்லவில்லை.

சட்டக் கேள்விக்குத் தீர்ப்பு தந்த விடை இது. ஒரு கவுன்டியை மட்டும் மற்றவற்றிலிருந்து வேறாக நடத்துவது தன்னளவில் குற்றமல்ல. பொதுப் பள்ளியைக் கைவிட ஒரு கவுன்டியை மாநிலம் அனுமதிக்க இனம் சாராத காரணங்கள் எவையாவது இருக்கலாம். ஆனால் நோக்கம் அரசமைப்புக்கு உகந்ததாக இருக்கவேண்டும், இனமும், இரு இனப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்ப்பதற்கான எதிர்ப்பும் அப்படிப்பட்ட காரணங்கள் அல்ல. பொதுப் பள்ளியை மூடிவிட்டு, வெள்ளையர் மட்டும் படிக்கும் பள்ளிக்குப் பொதுப் பணம் கொடுத்ததால், கறுப்பினப் பிள்ளைகளுக்கு அமெரிக்க அரசமைப்பின் 14ஆவது திருத்தம் தரும் சமப் பாதுகாப்பு மறுக்கப்பட்டது.

பரிகாரம்தான் புதுமை. பள்ளிகளைத் திறக்கத் தேவையான வரியை விதிக்கும்படி மேற்பார்வையாளர்களுக்கு மாவட்ட நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றது தீர்ப்பு. வரி விதிப்பது மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் அதிகாரம் என்பது பழைய பாடம். அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தவும் நீதிமன்றம் கட்டளையிடலாம் என்று ஆனது. பொதுப் பள்ளிகளைத் திறக்கும்படி கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்ற இடத்தில் மட்டும் நீதிபதிகள் கிளார்க், ஹார்லன் இருவரும் விலகிக்கொண்டார்கள். மற்ற எல்லாவற்றிலும் உடன்பட்டார்கள்.

கவுன்டி அப்போதும் அடங்கவில்லை. 1964 ஆகஸ்ட் தொடக்கத்தில், புதிய தடையாணை வந்துவிடும் என்ற அச்சத்தில், ஓர் இரவில் குழு கூடி, வெள்ளைப் பெற்றோருக்கு மானியக் காசோலைகளை விடிவதற்குள் வழங்கி முடித்தது. 1966இல் நான்காம் வட்டார நீதிமன்றம் அதை நீதிமன்ற அவமதிப்பு என்று சொல்லி, பணத்தைத் திரும்பக் கட்டச் சொன்னது. 1964 செப்டம்பரில் பொதுப் பள்ளிகள் திறந்தபோது வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே கறுப்பினப் பிள்ளைகள். வெள்ளைப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அறக்கட்டளையின் அகாடமி வருமான வரி விலக்கை 1978இல் இழந்து, எண்பதுகளில்தான் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க ஒப்புக்கொண்டது.

2003இல் வர்ஜீனியா சட்டமன்றம் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது. படிப்பை இழந்தவர்களுக்குக் கௌரவப் பள்ளிச் சான்றிதழ் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு, பாதிக்கப்பட்டவர்கள் விட்ட படிப்பைத் தொடர ஓர் உதவித்தொகை நிதி அமைந்தது. அப்போது அவர்களில் இளையவர்களே ஐம்பது வயதை நெருங்கியிருந்தார்கள்.

சட்டம் படிப்பவர்களுக்கு இன்னொரு வழக்கையும் சொல்லிவிட வேண்டும். மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம், இன வேறுபாடின்றித் திறக்கவேண்டிய நிலை வந்ததும் தன் பொது நீச்சல் குளங்களை மூடியது. 1971இல் 'பாமர் எதிர் தாம்ஸன்' வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நகரத்தின் செயலை ஏற்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் அதே ஹ்யூகோ பிளாக். குளம் எல்லோருக்கும் மூடப்பட்டது, நோக்கத்தை மட்டும் வைத்து ஒரு சட்டத்தைச் செல்லாததாக்க முடியாது என்றார். பிரின்ஸ் எட்வர்டு எப்படி வேறு என்ற கேள்விக்கு அவர் சொன்ன காரணம், அங்கே பொதுப் பணம் தனியார் பிரிவினைப் பள்ளிக்குப் போனது என்பது. அதாவது 1959இல் கவுன்டி வரியை நிறுத்தியதோடு கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால், 225 டாலர் மானியத்தையும் 25 சதவீதக் கழிவையும் கொடுக்காமல் இருந்திருந்தால், கிரிஃபின் தீர்ப்பு இதேபோல் வந்திருக்குமா என்பது பாமருக்குப் பிறகு உறுதியாகச் சொல்ல முடியாத விஷயமாகிவிட்டது. 'நோக்கம் அரசமைப்புக்கு உகந்ததாக இருக்கவேண்டும்' என்ற கிரிஃபின் வரியை மேற்கோள் காட்டும் வக்கீல், எதிர்த்தரப்பு மேசையில் பாமர் இருக்கும் என்பதையும் நினைத்துக்கொண்டுதான் எழுந்து நிற்கவேண்டும்.